புள்ளடித் தையலுக்கு லினன் துணி: தெரிவும் செய்முறையும்



குறுக்குத் தையல், குரோஸ் ஸ்டிச் என்று சொல்லப்படுவதும் புள்ளடித் தையலும் ஒன்றே. தையலைப் போடும் விதம் உங்களில் பலருக்குத் தெரியும். ஆயினும் செயன்முறை வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் தையலினால் அன்று, துணியைப் பிழையாகத் தெரிவு செய்வதினாலேயே. புல்மோட்டையிலிருந்து திருகோணமலைப் பட்டினத்துக்குப் போய்த் துணி வாங்கி வருபவருக்கு, துணி பிழைத்தால் பஸ் காசும் வீண், துணிக் காசும் வீண். பல வாரம் இருந்து தைத்த வேலையும் வீணாகும். எனவே இப்பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

1. லினன் என்றால் என்ன?

லினன் ஆளிச் செடியின் தண்டிலிருந்து பெறப்படும் இயற்கை நார். ஆளி விதை தருவதும் இச்செடியே. தண்டை நீரில் அல்லது பனியில் ஊறவைத்து, பசைப்பொருள் இளகிய பின் நாரைப் பிரித்தெடுப்பர். சாக்குத் தைக்கும் சணல் வேறு, லினன் வேறு. இரண்டையும் ஒன்றாக எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள்.

லினனின் இயல்புகள்:
(அ) உறுதியானது. நனைந்த நிலையில் உறுதி மேலும் கூடும்.
(ஆ) நீரை நன்கு உறிஞ்சும், விரைவில் உலரும்.
(இ) மீள்தன்மை குறைவு. ஆதலால் இலகுவில் கசங்கும்.
(ஈ) நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். இது குறைபாடு அன்று, லினனின் இயல்பு.

2. எண்ணித் தைக்கும் கலை

புள்ளடித் தையலில் துணியில் படம் வரைவதில்லை. பாவு நூலையும் ஊடு நூலையும் எண்ணியே தைக்கிறோம். பலஸ்தீனப் பெண்கள் ‘தோப்’ எனப்படும் நீண்ட அங்கியில் பட்டு நூலால் புள்ளடித் தையல் போடுவர். அதற்கு லினன், பருத்தி, கம்பளித் துணிகள் பயன்படும். பறவை, மரம், பூ ஆகிய வடிவங்களும் நிறங்களும் அப்பெண்ணின் ஊரை அடையாளம் காட்டும். இக்கலையை யுனெஸ்கோ 2021ஆம் ஆண்டு மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டின் நீலகிரியில் தோடர் இனப் பெண்களும் பருத்தித் துணியில் நூலை எண்ணியே பூ வேலை செய்கின்றனர். ஆனால் அவர்களது தையல் வகை வேறு.

3. துணியைத் தெரிவு செய்தல்

படி 1: எண்ணிக்கை பார்த்தல். ஓர் அங்குலத்தில் (2.54 சென்ரிமீற்றர்) எத்தனை நூல் உள்ளது என்பதே துணியின் எண்ணிக்கை. இரண்டு குண்டூசிகளை ஓர் அங்குல இடைவெளியில் குத்தி இடையிலுள்ள நூல்களை எண்ணுங்கள். லினன் நூலின் தடிப்பு மாறுவதால் மூன்று இடங்களில் எண்ணிச் சராசரி எடுங்கள். 28, 32, 36 என்பன வழக்கமான எண்ணிக்கைகள். முதன்முறை தைப்பவருக்கு 28 போதும்.

படி 2: சமநெசவா என்று பார்த்தல். பாவிலும் ஊடையிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 28, மறுபக்கம் 24 என்றால் என்ன நடக்கும்? இரண்டு நூலுக்கு மேலாகத் தைத்தால் 70 தையல் ஒரு பக்கம் 5 அங்குலமும் மறுபக்கம் 5.8 அங்குலமும் வரும். சதுரம் நீள்சதுரமாகும், வட்டம் முட்டை வடிவாகும்.

படி 3: உண்மையான லினனா என்று பார்த்தல். பெயர்த் துண்டில் லினன் என்று இருந்தாலும் பொலியெஸ்டர் கலந்திருக்கலாம். ஒரு நூலைப் பெரியவர் ஒருவர் முன்னிலையில் எரித்துப் பாருங்கள். லினன் கடதாசி எரியும் மணத்துடன் எரிந்து மென்மையான சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கட்டியான உருண்டையாகும். பருத்தியும் லினனைப் போலவே எரியும் என்பதை மறவாதீர்கள். இவ்விரண்டையும் பிரித்தறிய நூலை இழுத்து அறுத்துப் பாருங்கள். லினனின் அறுந்த முனை கூராகவும் விறைப்பாகவும் இருக்கும். பருத்தியின் முனை தூரிகை போல் விரிந்து சுருளும்.

லினன் கிடைக்காவிட்டால் பருத்திச் சமநெசவுத் துணியோ ஐடா துணியோ பயன்படுத்தலாம். கிழக்கு மாகாணத்தில் கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனையின் பருத்தித் துணியையும் எண்ணிப் பார்த்துப் பழகலாம். 14 எண்ணிக்கை ஐடாவும், 28 எண்ணிக்கை லினனை இரண்டு நூலுக்கு மேலாகத் தைப்பதும் ஒரே அளவையே தரும்.

4. அளவு கணித்தல்

தையல் எண்ணிக்கையைத் துணியின் எண்ணிக்கையில் பாதியால் வகுத்தால் அங்குலம் கிடைக்கும்.

உதாரணம்: அகலம் 112 தையல், உயரம் 70 தையல், 28 எண்ணிக்கை லினன்.
அகலம் = 112 ÷ 14 = 8 அங்குலம்
உயரம் = 70 ÷ 14 = 5 அங்குலம்
ஒவ்வொரு பக்கமும் 3 அங்குலம் விட்டால் வெட்ட வேண்டிய துணி 14 × 11 அங்குலம்.

பலர் ஓரத்தை ஒரு பக்கத்துக்கு மட்டும் கூட்டுகின்றனர். இரு பக்கமும் 3 என்றால் 6 கூட்ட வேண்டும்.

5. தைக்கும் முறை

(1) வெட்டுமுன் துணியை நனைத்து உலர்த்தி அழுத்துங்கள். சுருங்குவது முன்பே சுருங்கிவிடும்.
(2) ஒரு நூலை உருவி, அந்தக் கோட்டில் வெட்டுங்கள். நூல் பிரியாதபடி விளிம்பைச் சுற்றித் தையுங்கள்.
(3) துணியை நான்காக மடித்து நடுவைக் கண்டு அங்கிருந்து தொடங்குங்கள்.
(4) முனை மழுங்கிய 24 அல்லது 26ஆம் இலக்க ஊசி எடுங்கள். இலக்கம் கூடக்கூட ஊசி மெலியும்.
(5) பூத்தையல் நூலில் 6 இழைகள் உண்டு. 28 எண்ணிக்கைக்கு 2 இழை போதும். நீளம் 45 சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம். நீண்டால் முறுகும், தேயும்.
(6) முடிச்சுப் போடாதீர்கள். நூல் முனையைப் பின்புறத்தில் தையல்களுக்குள் அடக்குங்கள்.
(7) இரண்டு நூலுக்கு மேலாகவும் இரண்டு நூலுக்குக் குறுக்காகவும் தையுங்கள். எல்லாப் புள்ளடிகளிலும் மேற்கால் ஒரே திசையில் சாய வேண்டும். பத்துத் தையலுக்கு ஒருமுறை எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.
(8) பின்புறத்தில் கடும் நிற நூலை வெற்றிடம் தாண்டி இழுக்காதீர்கள். லினனின் இடைவெளி வழியே அது முன்னால் தெரியும்.

6. கடற்கரை ஊரில் கவனிக்க வேண்டியவை

நம் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. ஊசியையும் குண்டூசியையும் துணியில் குத்தியபடி விட்டால் துருக்கறை படியும், அது இலகுவில் போகாது. வளையத்தை ஒவ்வொரு நாளும் கழற்றி வையுங்கள். வாடைக்காற்று மழைக் காலத்தில் பொலித்தீன் பையில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றிச் சுருட்டி வையுங்கள். ஒரே மடிப்பில் நெடுநாள் வைத்தால் லினன் நார் அவ்விடத்தில் நலிவடையும்.

முடிந்தபின் நிறம் கரைகிறதா என்று முதலில் பாருங்கள். பின் குளிர்ந்த நீரில் மென்மையான சவர்க்காரத்தால் கழுவுங்கள். முறுக்கிப் பிழியாமல் துவாயில் சுருட்டி நீரை எடுங்கள். ஈரம் சிறிது இருக்கும்போதே, தைத்த முகம் கீழே இருக்கத் துவாயின் மேல் வைத்து அழுத்துங்கள். அப்போது தையல் நசியாது.

பயிற்சி வினாக்கள்

1. எரித்துப் பார்த்து லினனையும் பருத்தியையும் பிரித்தறியலாமா? காரணம் தருக.
2. 96 × 64 தையல் கொண்ட கோலத்தை 32 எண்ணிக்கை லினனில் இரண்டு நூலுக்கு மேலாகத் தைக்கிறீர்கள். ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம் விட வேண்டிய துணியின் அளவு யாது?
3. மேற்கால்கள் வெவ்வேறு திசையில் சாய்ந்தால் வேலையின் தோற்றம் எவ்வாறு பாதிக்கப்படும்?

விடைக் குறிப்பு:
1. முடியாது. இரண்டும் தாவர நார், ஒரே விதமாக எரியும். நூலை அறுத்து முனையைப் பார்க்க வேண்டும்.
2. 96 ÷ 16 = 6, 64 ÷ 16 = 4. இருபுறமும் கூட்ட 10 × 8 அங்குலம்.
3. ஒளி ஒரே சீராகப் படாது. ஒரே நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும்.

இரண்டாம் வினாவை விடையைப் பாராமல் செய்து பழகுங்கள். கடையில் துணி வெட்டச் சொல்லுமுன் செய்ய வேண்டிய கணக்கும் இதுவே.