தாத்தாவா, டாட்டாவா?

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் காலை ஏழரை மணி என்றால் கலிபோர்னியாவில் முந்தின நாள் சாயங்காலம். வீடியோ காலில் முகம் தெரிந்த உடனே என் நண்பனின் அப்பாவைப் பார்த்து, இரண்டரை வயதுப் பேத்தி "டாட்டா!" என்று கத்துகிறாள். "வந்ததும் டாட்டாவா? நான் எங்கேம்மா போறேன்?" என்று சிரிப்பார். போனை வைத்த பிறகுதான் கவலை வரும். "குழந்தை நாக்குல ஏதாவது கோளாறா இருக்குமோ?"

நாக்கின் மேல் குற்றம் இல்லை. காது தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

த சொல்லிப் பாருங்கள். நாக்கின் நுனி மேல்பல்லின் பின்பக்கத்தைத் தொடும். ட சொன்னால் நுனி பின்னால் மடிந்து அண்ணத்தில் இடிக்கும். இரண்டுக்கும் நடுவே, பல்லை ஒட்டிய ஈற்று மேட்டில் பிறக்கிறது ஆங்கிலேயரின் 'டீ'. நம் காதுக்கு அது ட-வாகவே கேட்கிறது. அதனால்தான் டேபிள், டிக்கெட். யாழ்ப்பாணத் தமிழில் ற்ற என்னும்போது அந்த நடு ஒலி இன்னும் உயிரோடு இருக்கிறது. நாம் டொரண்டோ என்று எழுதும் ஊரை அவர்கள் ரொறன்ரோ என்று எழுதுவது அதனால்தான். எழுத்துப்பிழை என்று நினைத்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

இதே ட-வையும் த-வையும் வைத்துத்தான் கனடாவின் வான்கூவரில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் ஒரு சோதனை செய்தார்கள், 1984-ல் வெளியிட்டார்கள். எடுத்துக்கொண்டது இந்தி ஒலிகளை. குழந்தை அம்மா மடியில் உட்கார்ந்திருக்கும். ஒலிபெருக்கியில் ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும். திடீரென்று மாறும். மாறியதும் குழந்தை தலையைத் திருப்பினால், பக்கத்துப் பெட்டியில் விளக்கு எரிந்து பொம்மை விலங்கு ஆடும். ஆறிலிருந்து எட்டு மாதம் வரையான, ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தைகள் அநேகமாக எல்லாமே சரியாகத் திரும்பின. பத்து, பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலவே திரும்பின. இந்தி கேட்டு வளர்ந்த அதே வயதுக் குழந்தைகளுக்கோ ஒரு சிரமமும் இல்லை.

ஒரு வயதுக்குள் மூளை கணக்குப் பார்த்துவிடுகிறது: இந்த வீட்டில் எந்த வித்தியாசம் பொருளை மாற்றுகிறது, எது மாற்றுவதில்லை? மாற்றாததில் கவனத்தைச் செலவழிப்பதில்லை. நமக்கும் இதே கதைதான். மேற்குத் திசையும் உள்பனியனும் ஆங்கிலத்தில் வேறு வேறு ஒலி. அடையாறில் இரண்டும் வெஸ்ட்தான். வளர்ந்த பிறகு பழகிக்கொள்ள முடியும். ஆனால் பாடுபட வேண்டும்.

அப்படியானால் ஒலியைச் சீக்கிரமே காதில் போட்டுவிட்டால் போதாதா? பாண்டி பஜாரில் ஆங்கிலப் பாட்டுப் பாடும் பொம்மை வாங்கும் பெற்றோரின் கணக்கு இதுதான். சியாட்டிலில் பாட்ரிசியா கூல் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே கை கொடுக்கிறது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் தரையில் உட்கார்ந்து கதை சொன்னார்கள், விளையாடினார்கள். பன்னிரண்டு அமர்வுகள், மொத்தம் ஐந்து மணி நேரம். அவ்வளவுக்கே, ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சீன ஒலி வேறுபாட்டைத் தைவான் குழந்தைகளுக்கு இணையாகப் பிரித்தறிந்தன. இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவி திரையில். கற்றது பூஜ்யம்.

இதைச் சொன்னதும் நண்பனின் அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. அவரும் திரையில்தானே இருக்கிறார்! நல்லவேளை, 2014-ல் சாரா ரோஸ்பெரி குழுவினரின் ஆய்வு ஒன்று இருக்கிறது. இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களைக் கற்பித்துப் பார்த்தார்கள். பதிவு செய்த வீடியோவில் சொல்லிக்கொடுத்தவை ஏறவில்லை. வீடியோ காலில் சொல்லிக்கொடுத்தவை, நேரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததைப் போலவே ஏறின. குழந்தை ஒன்று செய்தால் மறுமுனையில் இருப்பவர் அந்த நொடியே அதற்குப் பதில் செய்கிறார். பதிவான வீடியோ தன் பாட்டுக்கு ஓடுகிறது. அங்கே கற்பித்தது சொற்களை, த-வையும் ட-வையும் அல்ல என்பதையும் அவரிடம் சொன்னேன். அது அவர் காதில் விழவில்லை.

இப்போதெல்லாம் ஏழே காலுக்கே பல்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். கால் வந்ததும் போனை வாய்க்கு நேரே பிடித்து, நாக்கு மேல்பல்லில் படுவது தெரிய, "தா...த்தா" என்கிறார். திரை முழுக்கப் பல். அவள் கெக்கலி கொட்டிச் சிரித்து, தன் வாயையும் கேமராவில் ஒட்டிக்கொள்கிறாள்.

"டாட்டா!"