பெட்டியில 600 மீட்டர்னு போட்டிருக்கும், எதுக்குன்னு கேளுங்க

போன எபிசோடில் அபுதாபி அட்நெக்ல நடக்கும் அடிஹெக்ஸ் வேட்டைக் கண்காட்சியைப் பத்திப் பேசினோம். அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல பாதி ஒண்ணுதான்: "அண்ணா, காட்டுக்குள்ள தூக்கிட்டு நடக்கிற லைட்டான ரைஃபிளுக்கு எந்த நைட் விஷன் நல்லது?"

நான் வேட்டைக்காரன் இல்லை. ஆனா முசஃபாவில் ஒரு லாரி யார்டுக்கு ராத்திரி கேமரா மாட்டிக் கொடுத்திருக்கேன். ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு, ரிவர்ஸ்ல வந்த டிரெய்லருக்குப் பின்னாடி திரையில ஒரு வெள்ளைப் புள்ளி. நாய்னு நினைச்சு அலாரத்தை ஆஃப் பண்ணிட்டாங்க. அது நாய் இல்லை, களைச்சுப் போய்க் குந்தியிருந்த ஒரு ஹெல்பர். டிரைவர் கண்ணாடியில பார்த்து பிரேக் போட்டதால தப்பிச்சார். அந்த லென்ஸைத் தேர்ந்தெடுத்தது நான்தான். கேமரா 'ஏதோ இருக்கு'ன்னு சரியாத்தான் சொல்லுச்சு. 'என்ன இருக்கு'ன்னு சொல்ற அளவுக்கு அதுகிட்ட பிக்சல் இல்லை.

முதல்ல மூணு வகையைப் புரிஞ்சுக்குவோம்.

ஒண்ணு, ஒளிபெருக்கிக் குழாய். நட்சத்திர வெளிச்சத்தைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கிப் பச்சையாவோ வெள்ளையாவோ காட்டும். எடை குறைவு, பேட்டரி நாள்கணக்கில் நிக்கும். விலை அதிகம், பகல் வெளிச்சம் பட்டா கெட்டுப்போகலாம்.

ரெண்டு, டிஜிட்டல். நம்ம போன் கேமரா மாதிரியே சிலிக்கான் சென்சார், கூடவே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு டார்ச். விலை குறைவு. ஆனா காட்டுல டார்ச் வெளிச்சம் பக்கத்து இலையில பட்டுத் திரும்பி, திரை முழுக்க வெளுத்துடும். 850 நானோமீட்டர் டார்ச்சை நேராப் பார்த்தா லேசான சிவப்பு தெரியும். 940 தெரியாது, ஆனா அவ்வளவு தூரம் எட்டாது.

மூணு, தெர்மல். இதுக்கு வெளிச்சமே வேண்டாம். உடம்பு வெளிவிடும் வெப்பக் கதிரை, அதாவது 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தை, வாங்கிப் படமாக்கும். புதர் இடுக்குல நிக்கிற மானின் ஒரு காது தெரிஞ்சாலும் பளிச்சுன்னு காட்டும். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை மறைச்சிடும். அதனாலதான் லென்ஸ் ஜெர்மேனியத்தில் செய்றாங்க, அதனாலதான் அந்த விலை.

இப்போ பெட்டியில போட்டிருக்கும் தூரத்துக்கு வருவோம். 1958-ல் ஜான் ஜான்சன் என்ற அமெரிக்க ராணுவ ஆராய்ச்சியாளர் ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய பிக்சல் மொழியில் சொன்னா: ஒரு உருவம் 'இருக்கு'ன்னு தெரிய அதன் குறுக்கே சுமார் 2 பிக்சல் போதும். என்ன வகைன்னு தெரிய 8 வேணும். இன்னதுதான்னு அடையாளம் காண 12, 13 வேணும்.

12 மைக்ரான் பிக்சலும் 25 மி.மீ. லென்ஸும் உள்ள தெர்மலை எடுத்துக்குங்க. 12-ஐ 25-ஆல் வகுத்தா 0.48. அதாவது 100 மீட்டரில் ஒரு பிக்சல் 4.8 செ.மீ. அகலத்தைப் பார்க்கும். 60 செ.மீ. உருவத்தை 625 மீட்டரில் 'ஏதோ இருக்கு'ன்னு காட்டும். வகை தெரிய 156 மீட்டருக்குள் வரணும். அடையாளம் காண 100 மீட்டர்தான். பெட்டியில எதைப் பெருசாப் போடுவாங்கன்னு சொல்லணுமா?

லென்ஸைப் பெருசாக்கினா தூரம் கூடும், ஆனா பார்வை குறுகும், எடை ஏறும். மரங்களுக்கு நடுவுல 100 மீட்டருக்கு மேல பார்க்கிறதே அபூர்வம். அங்கே அகலமான பார்வைதான் உதவும். 3 கிலோ ரைஃபிள் மேல ஒரு கிலோ கருவியை ஏத்தினா, லைட்டா வாங்கினதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும்.

அதனால என் பதில்: தேடுறதுக்குக் கையில ஒரு சின்ன தெர்மல் மோனோகுலர், ரைஃபிள் மேல எடை குறைஞ்ச தனி ஸ்கோப். ஸ்கோப்பை வச்சே தேடினா, பார்க்கிற ஒவ்வொண்ணுக்கும் நேரா துப்பாக்கியை நீட்டுறோம்னு அர்த்தம். அந்த வெள்ளைப் புள்ளி மனுஷனா இருந்தா?

இங்கே வளைகுடாவில் இன்னொரு சிக்கலும் இருக்கு. கோடை ராத்திரியில மணலும் கல்லும் உடம்புச் சூட்டை நெருங்கி நிக்கும். வித்தியாசம் குறைஞ்சா தெர்மல் படம் மங்கும். கடலோர ஈரப்பதமும் தூரத்தைத் தின்னும். குளிர்சாதன அரங்கில் டெமோ பார்த்து ஏமாறாதீங்க.

இதே தொழில்நுட்பம் நம்ம ஊர்ல உயிரைக் காப்பாத்துது. 2021 நவம்பரில் கோவை மதுக்கரை பக்கம், நவக்கரை அருகே ரயில் மோதி மூணு யானைகள் செத்துப்போச்சு. 2024 பிப்ரவரியில் மதுக்கரை ரயில்பாதை ஓரம் 12 கோபுரங்களோட ஒரு எச்சரிக்கை அமைப்பு வந்தது. அதுல தெர்மல் கேமராவும் இருக்கு, சாதாரண கேமராவும் இருக்கு. ஒண்ணு கண்டுபிடிக்க, இன்னொண்ணு உறுதிப்படுத்த.

வாங்குறதுக்கு முன்னாடி சட்டத்தைப் பாருங்க. இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டை குற்றம். இங்கிலாந்தில் லைசென்ஸ் இல்லாம ராத்திரியில மானைச் சுடக் கூடாது. ஊருக்குக் கொண்டுபோற எண்ணம் இருந்தா, பெட்டியில வைக்கிறதுக்கு முன்னாடியே கஸ்டம்ஸ்ல கேட்டுக்குங்க.

அந்த யார்டுல இப்போ பெரிய லென்ஸ் மாட்டியாச்சு, பக்கத்துல ஒரு சாதாரண கேமராவும் லைட்டும் இருக்கு. புள்ளி தெரிஞ்சா லைட் எரியும், வண்டி நிக்கும். யாருன்னு தெரிஞ்ச பிறகுதான் மறுபடி நகரும்.