காற்றை இறக்கினால் கடக்கலாம் பாலைவனம்

ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தைக் குறுக்கே கடக்க விரும்புகிறவர் வரிசையாகக் கிடக்கும் 1,100-க்கும் மேற்பட்ட மணல்மேடுகளை ஏறி இறங்க வேண்டும். கடைசியில், பேர்ட்ஸ்வில் ஊரை நெருங்கும்போது, 'பிக் ரெட்' என்ற செம்மணல் மேடு ஏறக்குறைய 40 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. இப்படி ஒரு பயணத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், வண்டி விற்பவர்களின் பதில் தயாராக இருக்கும்: பெரிய எஞ்சின், உயர்த்திய சஸ்பென்ஷன், முன்னால் இரும்புத் தடுப்பு, புதைந்த வண்டியை இழுக்கும் விஞ்ச், கூரைமேல் கூடாரம். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வண்டியில் உள்நாட்டு வறள்நிலத்தைச் சுற்றிவருவது அங்கே ஒரு பெரிய வணிகமாகவே வளர்ந்துவிட்டது. ஆனால் அந்த நிலத்தில் தப்பியவர்களின் கதையையும் மாண்டவர்களின் கதையையும், மணலில் டயர் எப்படி உருள்கிறது என்ற எளிய கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், வேறொரு பதில்தான் கிடைக்கிறது. அங்கே பயணியைக் காப்பாற்றுவது கூட்டிக்கொண்டே போகும் வலு அல்ல. காற்றையும் பாரத்தையும் வேகத்தையும் குறைக்கத் தெரிவதும், தேவைப்பட்டால் பயணத்தையே நிறுத்தத் தெரிவதும்தான்.

டயரிலிருந்தே தொடங்கலாம். மூன்று டன் எடையுள்ள வண்டியின் ஒவ்வொரு டயரும் சுமார் 750 கிலோவைத் தாங்குகிறது. தார்ச்சாலைக்கு ஏற்ற 36 பி.எஸ்.ஐ. காற்று இருக்கும்போது அந்தப் பாரம் மொத்தமும் தரையைத் தொடும் இடம் கணக்குப்படி 300 சதுர சென்டிமீட்டர்தான். அதே டயரில் காற்றைப் பாதியாக, 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் தொடும் பரப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. டயரின் பக்கச் சுவர் விறைப்பானது என்பதால் நடைமுறையில் கணக்கு சற்று முன்பின் ஆகலாம். ஆனால் வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்க முடியும். காற்று இறங்கிய டயர் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் படிகிறது. மணலை வெட்டிக்கொண்டு கீழே போகாமல், ஒட்டகத்தின் பாதத்தைப் போல அதன் மேலேயே பரவி நடக்கிறது. காற்றை இறக்காமல் எஞ்சின் வலுவை மட்டும் நம்பி மேட்டில் ஏறுகிறவரின் சக்கரங்கள் சுழன்று குழி பறிக்கும். அவர் இரண்டு மூன்று தடவை முயன்று எப்படியோ ஏறிவிடலாம். அவர் விட்டுப்போன குழிகளில் அடுத்து வரும் வண்டி துள்ளும்; அதைச் சமாளிக்க அந்த ஓட்டுநர் இன்னும் வேகம் எடுப்பார்; குழிகள் இன்னும் ஆழமாகும். சிம்ப்சனில் பல மேடுகளின் அடிவாரம் கெட்டுக் கிடப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். ஒரு சிறிய காற்றளவு மானியும் ஒரு கையடக்க கம்ப்ரஸரும் வாங்கும் செலவு, விஞ்ச் விலையில் ஒரு சிறு பங்குதான்.

கம்ப்ரஸர் ஏன் என்றால், இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்றியாக வேண்டும். குறைந்த காற்றோடு கெட்டியான சாலையில் வேகமாகப் போனால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறிக் கிழியும். குறைந்த காற்றில் சட்டென்று ஸ்டியரிங்கை வெட்டினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றும் போகலாம். அதாவது காற்றைக் குறைப்பவர் வேகத்தையும் குறைத்தாக வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று விடாத விஷயங்கள்.

அடுத்தது பாரம். நீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. இருவருக்கு ஒரு வாரத்துக்கு 140 லிட்டர், அதாவது 140 கிலோ. கூடுதல் டீசல் 90 லிட்டர் என்றால் 75 கிலோ. பயணிகள் இருவரும் சேர்ந்து 150 கிலோ. இவை தவிர்க்க முடியாதவை. பல குடும்ப வண்டிகளில் ஆள் உட்பட ஏற்ற அனுமதிக்கப்பட்ட மொத்தப் பாரமே 600 முதல் 800 கிலோவுக்குள்தான். அதற்கு மேல் இரும்புத் தடுப்பு, விஞ்ச், கூரைக் கூடாரம், இரண்டாவது ஸ்டெப்னி, குளிர்பெட்டி, அதற்குத் தனி பேட்டரி என்று அடுக்கினால் வரம்பு சத்தமில்லாமல் தாண்டிப்போகும். வரிவரியாகப் பள்ளம் விழுந்த மண் சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அதிரும்போது, பின்பாரம் அதிகமான பிக்கப் வண்டிகளின் சேஸிஸ் கேபினுக்குப் பின்னால் வளைந்து போகிறது. பழுதுபார்க்கும் இடம் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பாதுகாப்புக்காக வாங்கிய பொருளே ஆபத்தாக மாறும் இடம் இது. என் பார்வையில், இந்தப் பயணத்துக்குத் தயாராகிறவர்கள் மிகக் குறைவாக யோசிப்பதும் இதைப் பற்றித்தான்.

பாரத்தை நம்பிக் கெட்ட கதை புதிதும் அல்ல. 1860 ஆகஸ்டில் மெல்போர்னிலிருந்து வடக்குக் கடற்கரையை நோக்கிப் புறப்பட்ட பர்க், வில்ஸ் ஆய்வுப் பயணக் குழு ஏறக்குறைய 20 டன் பொருட்களோடு கிளம்பியது. ஒட்டகங்கள், குதிரைகள், பார வண்டிகள் எல்லாம் இருந்தன. சுமையால் குழு ஊர்ந்தது. பொறுமையிழந்த பர்க் பொருட்களையும் ஆட்களையும் வழியில் விட்டுவிட்டு முன்னே போனார். கூப்பர் கிரீக் முகாமிலிருந்து நால்வர் வடக்கே சென்றார்கள். ஒருவர் திரும்பும் வழியில் இறந்தார். மற்ற மூவரும் 1861 ஏப்ரல் 21 மாலை முகாமுக்குத் திரும்பியபோது, அங்கே காத்திருந்தவர்கள் அன்று காலைதான் கிளம்பிப் போயிருந்தார்கள். பர்க்கும் வில்ஸும் அந்த ஓடையின் கரையிலேயே, மீனும் நீரும் இருந்த இடத்திலேயே, உயிரிழந்தார்கள். அங்கு வாழ்ந்த யாந்த்ருவாந்தா மக்கள் நார்டூ என்ற நீர்த்தாவரத்தின் வித்துறைகளைப் பக்குவம் செய்து உணவாக்கினார்கள். அந்தப் பக்குவம் சரியாகத் தெரியாமல் உண்டதால் வைட்டமின் பி1 குறைந்து இருவரும் நலிந்தார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பிழைத்த ஒருவர் ஜான் கிங். அவருக்கு உணவளித்துக் காப்பாற்றியவர்கள் அதே யாந்த்ருவாந்தா மக்கள்தான்.

நூறாண்டு கழித்து, மோட்டார் வண்டிக் காலத்திலும் இதே பாடம் கொடூரமாகத் திரும்பியது. 1963 டிசம்பரில், கோடையின் உச்சத்தில், பேர்ட்ஸ்வில் தடத்தில் ஐவர் கொண்ட ஒரு குடும்பத்தின் கார் வழி தவறி, பெட்ரோல் தீர்ந்து நின்றது. அவர்கள் காரை விட்டு நீர் தேடி நடந்தார்கள், ஐவரும் இறந்தார்கள். வண்டி பழுதானால் வண்டியை விட்டு விலகாதே என்பது இன்று அங்கே முதலில் சொல்லித்தரும் பாடம். வானிலிருந்து தேடுகிறவர் கண்ணுக்கு கார் தெரியும். செடிகளுக்கிடையே நடந்து போகும் மனிதர் தெரிய மாட்டார். நிழலில் அசையாமல் இருக்கும் உடலுக்கு நீர் குறைவாகச் செலவாகும். வெயிலில் நடக்கும் உடல் மணிக்கு ஒரு லிட்டர் வியர்வையைக்கூட இழக்கும். எதையாவது செய்தாக வேண்டும் என்ற பதைப்பை அடக்கிக்கொண்டு சும்மா இருப்பதுதான் அங்கே உயிரைக் காக்கிறது.

இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு: வண்டி முக்கியமில்லை என்றால் சாதாரண காரிலேயே போகலாமே? போக முடியாது, உண்மைதான். உயரமான அடிப்பகுதி, மிக மெதுவாக ஆனால் மிகுந்த விசையோடு நகரவைக்கும் லோ ரேஞ்ச் கியர், பலமான டயர் எல்லாம் சிம்ப்சனுக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவின் கேனிங் தடத்துக்கும் கட்டாயம். ஆனால் இவை நிறுவனத்திலிருந்து வரும்போதே பல வண்டிகளில் இருக்கின்றன. நிலவியலாளர் ரெக் ஸ்ப்ரிக் 1962-ல் மனைவி, பிள்ளைகளோடு ஒரு நிசான் பேட்ரோலில் சிம்ப்சனைக் கடந்தார். மோட்டார் வண்டியில் அந்தப் பாலைவனத்தைக் கடந்த முதல் பயணம் அதுவே. இன்று சந்தையில் கிடைக்கும் பல வண்டிகள் அதைவிட வலுவானவை. தகுதியான வண்டி தேவை என்பதை மறுக்கவில்லை. தகுதி வந்தபிறகு மேலே மேலே சேர்ப்பதுதான் பயனற்றது.

மீட்புக் கருவிகளிலும் இதே நிலைமை. மணலில் புதைந்த வண்டியை, ரப்பர்போல் நீளும் நைலான் பட்டையால் இன்னொரு வண்டி வேகமெடுத்து இழுப்பது வழக்கம். அந்தப் பட்டையை டிரெய்லர் மாட்டும் இரும்புக் குமிழில் கட்டியபோது, குமிழ் முறிந்து பீரங்கிக் குண்டுபோல் பாய்ந்து கண்ணாடியைத் துளைத்து உயிரைப் பறித்திருக்கிறது. பல தடவை பட்டையே தேவைப்படாது. மண்வெட்டியால் சக்கரங்களைச் சுற்றியுள்ள மணலை அள்ளி, காற்றை இன்னும் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. இறக்கி, வந்த தடத்திலேயே பின்னோக்கி மெதுவாக எடுத்தால் வண்டி வந்துவிடும். அரைமணி நேர வேலை, வியர்வை, கொஞ்சம் பொறுமை. வட மேற்கில் ஸ்பினிஃபெக்ஸ் புல் வளர்ந்த தடங்களில் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றும் செய்தாக வேண்டும்: அவ்வப்போது நிறுத்தி, குனிந்து, வண்டிக்கு அடியில் பார்ப்பது. அந்தப் புல்லின் காய்ந்த தாளும் பிசினும் சூடான சைலன்ஸர் குழாய்க்கு மேல் அடைந்துகொண்டு தீப்பிடிக்கும். கேனிங் தடத்தின் ஓரத்தில் அப்படி எரிந்த வண்டிகளின் கூடுகள் கிடக்கின்றன. ஒரு வளைந்த கம்பியும் குனியும் பழக்கமும் அந்த வண்டிகளைக் காப்பாற்றியிருக்கும்.

செயற்கைக்கோள் போன் வந்துவிட்டதே, இனி என்ன பயம் என்பது அடுத்த வாதம். ஜான் ஃப்ளின் 1928-ல் குயின்ஸ்லாந்தின் குளோன்கரியில் பறக்கும் மருத்துவர் சேவையைத் தொடங்கியதும், ஆல்ஃபிரட் டிரேகர் மிதித்தே மின்சாரம் எடுக்கும் ரேடியோவை உருவாக்கியதும் அந்த நிலத்தின் தனிமையை உடைத்தன என்பதில் ஐயமில்லை. இன்று கையடக்க அவசர ஒலிபரப்பியின் பொத்தானை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸ் சைகை செயற்கைக்கோள் வழியே கான்பெராவில் உள்ள மீட்பு மையத்தை அடைகிறது. ஒவ்வொரு வண்டியிலும் அது இருந்தே ஆக வேண்டும். ஆனால் சைகை நொடியில் போகும். மனிதர்கள் வர மணிக்கணக்காகும், சில வேளை ஒரு நாளும் ஆகும். அதுவரை குடிக்க வண்டியில் நீர் இருந்தாக வேண்டும். மேலும், வருகிற விமானியும் உள்ளூர் போலீஸ்காரரும் தங்கள் உயிரைப் பணயம் வைத்தே வருகிறார்கள். பொத்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில் கூடுதல் துணிச்சல் காட்டுவது அந்தப் பணயத்தை அவர்கள் தலையில் ஏற்றுவதாகும்.

நிறுத்தத் தெரிவதற்கு அரசே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. சிம்ப்சனின் காப்புப் பகுதிகள் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வெயிலுக்காக மூடப்படுகின்றன. மழை பெய்தால் மண் சாலைகள் நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் மூடப்படும். லீவு போட்டு ஆயிரம் மைல் ஓட்டி வந்தவருக்குத் தடுப்புப் பலகை எரிச்சல் தருவது இயல்புதான். ஆனால் நனைந்த களிமண்ணில் ஒரே ஒரு வண்டி இறங்கினாலும் அது உழுத பள்ளம் காய்ந்து கல்லாகி, அடுத்த மழை வரை அச்சை முறிக்கும். பேர்ட்ஸ்வில் அடங்கிய டயமன்டினா வட்டாரத்தின் பரப்பு சுமார் 95,000 சதுர கிலோமீட்டர். மக்கள் சில நூறு பேர். அந்தச் சாலைகள் சுற்றுலா வருவதற்கு முன்பே கால்நடை லாரிக்கும் தபாலுக்கும் மருந்துக்குமான சாலைகள். அவற்றைச் சீர்செய்யும் பொறுப்பு அந்தச் சில நூறு பேரின் நிர்வாகத்தின் மேலும் விழுகிறது.

இன்னும் கடுமையான ஒரு மறுப்பு உண்டு: இத்தனை சேதம் என்றால் இந்தப் பயணங்களையே ஏன் தடை செய்யக்கூடாது? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இந்தத் தடங்களின் வரலாற்றிலேயே அநீதி இருக்கிறது. விலூனாவிலிருந்து ஹால்ஸ் கிரீக் வரை சுமார் 1,850 கிலோமீட்டர் நீளும் கேனிங் தடத்தை ஆல்ஃபிரட் கேனிங் 1906-ல் அளந்தார். நீர் எங்கே இருக்கிறது என்று காட்டவைக்க, அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களை அவரது குழு சங்கிலியால் கட்டி இழுத்துப்போனது. குழுவின் சமையல்காரரே புகார் கொடுத்து 1908-ல் அரச விசாரணைக் குழு அமைந்தது. அது கேனிங்கைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. தடத்தின் கிணறுகளில் பல, மக்கள் தலைமுறைகளாகப் பேணிய நீர்நிலைகளின் மேலேயே தோண்டப்பட்டவை. லென் பீடெல் 1950-களில் போட்ட கன்பேரல் நெடுஞ்சாலை ஊமெரா ராக்கெட் சோதனைத் தளத்துக்காக உருவானது. அதுவும் பழங்குடி மக்கள் வாழ்ந்த நிலத்தினூடாகத்தான் சென்றது.

அதனாலேயே முடிவு எடுக்கும் உரிமை அந்த மக்களிடம் இருக்க வேண்டும் என்பேன். தொலைவில் இருந்துகொண்டு மொத்தமாகத் தடை போடுவது அந்த உரிமையை இன்னொரு முறை பறிப்பதாகும். கேனிங் தடத்தின் ஒரு பகுதி செல்லும் நிலத்தின் பழங்குடிகளான மார்ட்டு மக்களின் நில உரிமையை நீதிமன்றம் 2002-ல் ஏற்றது. இன்று கேனிங் தடத்தில் போக அனுமதிச் சீட்டு வேண்டும்; தடத்தின் நடுவே எரிபொருள் கிடைக்கும் குனவரிட்ஜி, மார்ட்டு மக்களின் ஊர். லாவர்டனிலிருந்து உலுரு பக்கம் போகும் கிரேட் சென்ட்ரல் சாலைக்கும் அனுமதி பெற வேண்டும். சாலையை விட்டு விலகிப்போக அந்த அனுமதி இடம் தராது. இறப்புச் சடங்குக்காகவோ வேறு சடங்குக்காகவோ ஒரு பாதையை அந்த மக்கள் சில நாள் மூடச் சொன்னால் திட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். புறப்படுமுன் செய்யும் வேலைகளில் முதலாவதாக இந்தச் சீட்டுக்கு விண்ணப்பிப்பதை வைத்துக்கொள்ளலாம். கூரைக் கூடாரம் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.