நூறடி ரோடும் ஒரு சமையலறைதான்

சமையலறையில் ஒருவர் கொதிக்கும் ரசத்தைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறார். அதே நேரம் குழந்தை தண்ணீர் கேட்டு உள்ளே ஓடி வருகிறது. மூலையில் பாட்டி அரிவாள்மனையில் கீரை நறுக்கிக்கொண்டிருக்கிறார். இங்கே இதுவரை யாருக்கும் சூடுபடவில்லை என்றால், எல்லோரும் எல்லா நேரமும் ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு நாள், ஒருவர், ஒரு நொடி கவனம் தவறினால் போதும்.

நம் ஊர்களின் பெரிய சாலைகள் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825. இருசக்கர வாகனங்களில் போனவர்களையும் சேர்த்தால் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. 'பார்த்துப் போங்க' என்று சொல்லிச் சொல்லியும் இந்தக் கணக்கு குறையவில்லை. மனிதர் தவறு செய்யத்தான் செய்வார், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகாதபடி சாலையை அமைக்க வேண்டும் என்ற கொள்கையை ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997இல் ஏற்றது. அதை நம் ஊர் நூறடி ரோடு ஒன்றில் செய்ய வேண்டுமானால் எப்படிச் செய்வது? சமையலறையைத் திருத்தி அமைப்பது போலவே, ஒவ்வொரு வேலையாகப் பார்ப்போம்.

முதலில், எதையும் உடைக்காமல் கவனிக்க வேண்டும். சமையலறையில் யார் எங்கே நிற்கிறார், எந்த வழியாக நடக்கிறார் என்று பார்க்காமல் மேடை கட்டினால் வீண். சாலையிலும் அப்படியே. வழக்கமாக வண்டிகளை எண்ணுவார்கள். ஆட்களை எண்ண வேண்டும். ஒரு பேருந்தில் ஐம்பது பேர் இருப்பார்கள், ஒரு காரில் பெரும்பாலும் ஒருவரோ இருவரோ. வண்டிக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான், ஆள் கணக்கில் எங்கேயோ போய்விடும். மக்கள் எந்த இடத்தில் குறுக்கே கடக்கிறார்கள், எந்த இடத்தில் நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்குகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பத்துப் பேர் ஒரே இடத்தில் தடுப்பைத் தாண்டிக் குதித்தால், அங்கே ஒரு வழி தேவை என்று அந்தச் சாலை சொல்கிறது.

பிறகு தரைக்கு அடியில் போக வேண்டும். சமையலறையில் குழாய் பதித்த பிறகுதானே ஓடு ஒட்டுவோம்? மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி எல்லாவற்றுக்கும் முதலிலேயே இடம் ஒதுக்கி முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புது நடைபாதையை ஆறு மாதத்தில் தோண்டுவார்கள், தோண்டியதைச் சரியாக மூட மாட்டார்கள். நம் ஊரில் நல்ல நடைபாதைகள் பல செத்துப்போனது இதனால்தான்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை, அகலத்தைப் பங்கு பிரிப்பது. நூறடி என்றால் ஏறக்குறைய 30 மீட்டர். இப்போது அதில் பெரும்பகுதி தார். ஓரத்தில் வண்டிகள் தாறுமாறாக நிற்க, மிச்சத்தில் யார் முந்துகிறாரோ அவருக்கு வழி. இதை இப்படிப் பிரித்துப் பாருங்கள். நடுவில் தடுப்புத் திட்டு 2 மீட்டர். அதன் இரு பக்கமும் இரண்டிரண்டு தடங்கள். பேருந்து போகும் தடம் 3.3 மீட்டர், மற்றது 3 மீட்டர். இதுவரை 14.6 மீட்டர். பிறகு பக்கத்துக்கு 2 மீட்டர் சைக்கிள் பாதை, 3 மீட்டர் நடைபாதை, கடை வாசல்களுக்கு அரை மீட்டர். மிச்சம் பக்கத்துக்கு 2.2 மீட்டர் பட்டை இருக்கிறது.

அந்தப் பட்டைதான் இந்தச் சாலையின் அலமாரி. சமையலறையில் வெங்காயக் கூடை, சிலிண்டர், அரிசி டின் எல்லாம் தரையில் கிடந்தால் கால் இடறும். அலமாரி ஒன்று வைத்தால் தரை தானாகக் காலியாகும். மரம், விளக்குக் கம்பம், மின்பெட்டி, பேருந்து நிறுத்தம், நிறுத்திய வண்டி, பூக்காரம்மாவின் கூடை, இளநீர் வண்டி எல்லாம் இந்தப் பட்டைக்குள் வந்துவிட வேண்டும். வியாபாரிகளை விரட்டினால் நாளைக்கே திரும்பி வருவார்கள். அவர்கள் பிழைப்புக்கு 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆகவே இடம் கொடுத்து உட்கார வைப்பதுதான் நியாயமும், நடைபாதை காலியாக இருப்பதற்கான வழியும்.

தடம் 3 மீட்டர் போதுமா என்று கேட்பீர்கள். பேருந்தே அகலத்தில் 2.6 மீட்டர்தான். அகலத் தடம் கொடுத்தால் ஓட்டுநரின் கால் தானாக அழுத்தும், நெருக்கினால் தானாகக் குறையும். அடுப்புத் தீயைக் குறைக்கிற வேலை இது. தீ குறைவாக இருந்தால், தவறிச் சிந்தினாலும் காயம் சிறிது.

இந்த வேகக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடும். குழந்தை குறுக்கே வந்ததைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோமீட்டரில் வந்த கார், காய்ந்த சாலையில், சுமார் 13 மீட்டரில் முழுக்க நின்றுவிடும். அந்த இடத்தைத் தாண்டும்வரை 50இல் வந்த கார் பிரேக் போடவே தொடங்கியிருக்காது! முழு வேகத்தோடு இடிக்கும். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்தின் வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

இனி குறுக்கே கடப்பது. பழைய சாலையில் தார் 24 மீட்டர் அகலம் என்றால், நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 20 நொடி வேண்டும். முழங்கால் வலியுள்ளவருக்கு இன்னும் கூடுதல். புதிய சாலையில் வண்டிகள் ஓடும் 6.3 மீட்டரை ஐந்து நொடி சொச்சத்தில் கடந்து, நடுத்திட்டில் நின்று, பிறகு மறுபாதி. கொதிக்கும் பாத்திரத்தோடு நடக்கிறவருக்குப் பாதி வழியில் இறக்கி வைக்க ஒரு திண்டு கிடைத்த மாதிரி. கடக்கும் இடத்தையே நடைபாதை உயரத்துக்கு மேடாக்கிவிட்டால் இன்னும் நல்லது. அப்போது மனிதர் இறங்கி ஏற வேண்டியதில்லை, வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். நடை மேம்பாலம் இதற்கு மாற்று ஆகாது. காய்கறிப் பையோடு இருபதடி உயரம் ஏறி இறங்கச் சொல்வது பாதுகாப்பு ஏற்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை.

சந்திப்பு முனைகளில் இன்னொரு ஆபத்து, சிக்னலுக்கு நிற்காமல் இடப்பக்கம் திரும்பவிடும் 'ஃப்ரீ லெஃப்ட்'. முனையை வளைத்து வளைத்துச் சீவி வைத்திருப்பதால் வண்டி வேகம் குறையாமலே திரும்புகிறது. முனையைக் கூர்மையாக்கி நடைபாதையை வெளியே நீட்டினால் ஓட்டுநர் மெதுவாகத்தான் திரும்ப முடியும். சிக்னலில் நடப்பவருக்குப் பச்சை விளக்கை வண்டிகளைவிடச் சில நொடி முன்னதாகக் கொடுத்தால், வண்டி திரும்பும்போது அவர் ஏற்கெனவே சாலை நடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருப்பார்.

ஒரு சிக்கல் மட்டும் எளிதில் தீராது, நடைபாதையில் ஏறும் பைக். சக்கர நாற்காலி நுழையும் இடைவெளியில் பைக்கும் நுழையும். கம்பம் நட்டு மட்டும் அதைத் தடுக்க முடியாது. காவல்துறையும் வேண்டும், பைக் எதிர்த்திசையில் போகாமல் திரும்பி வர, பக்கத்திலேயே ஒரு வழியும் வேண்டும்.

இதெல்லாம் நம் ஊரில் நடக்குமா? சென்னை மாநகராட்சி 2014இலேயே நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. தி.நகர் பாண்டி பஜாரில் தற்காலிகத் தடுப்புகளை வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகு, வண்டிக்கான இடத்தைக் குறைத்து நடைபாதையை அகலமாக்கி, 2019 நவம்பரில் திறந்தார்கள். நடக்க இடம் கொடுத்தால் மக்கள் நடப்பார்கள் என்று அங்கே எந்த மாலையிலும் பார்க்கலாம். ஆனால் ஒரு கடைத்தெருவில் செய்தது போதாது. பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி வாசல், பேருந்து நிலையம் என்று உயிர் போகிற இடங்களில் முதலில் செய்திருக்க வேண்டும்.

உங்கள் தெருவில் சாலை வேலை தொடங்கினால் கையில் ஒரு அளவு நாடாவோடு போங்கள். நடைபாதையில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டராவது இருக்கிறதா, அதன் உயரம் 15 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இல்லையென்றால் சிமெண்ட் காய்வதற்குள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள்.