போலீஸ் வாக்கி டாக்கியை வீட்டிலிருந்தே கேட்கலாமா? ரேடியோ ஸ்கேனர் வாங்கும் முன் இதைப் படிங்க!

பெரம்பலூர் நான்கு ரோட்டில் டீ குடிக்கும்போது, ரோந்து வண்டியிலிருந்து வரும் அந்த 'கரகர' குரலைக் கேட்டிருப்பீங்க. அரியலூர் ரயில் நிலையத்தில் கார்டு கையில் இருக்கும் கருவியிலிருந்தும் அதே மாதிரி சத்தம் வரும். 'என்ன பேசிக்கிறாங்க, நாமளும் கேட்க முடியுமா?' என்ற ஆசை பலருக்கு உண்டு. அதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. பெயர், ரேடியோ ஸ்கேனர்.

ஆனால் இந்தியாவில் அதை வாங்கி மேசையில் வைப்பதற்கே அனுமதி வேண்டும். "நான் எங்கே பேசினேன், சும்மா கேட்கத்தானே செய்றேன்" என்ற பதில் இங்கே எடுபடாது.

ஸ்கேனர் என்ன செய்யும்?

வீட்டு எஃப்.எம். ரேடியோ ஒரே நிலையத்தில் நிற்கும். ஸ்கேனர் அப்படி இல்லை. நீங்கள் பதிந்து வைத்த அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே ஓடும். எதிலாவது பேச்சு வந்தால் அங்கே நிற்கும். பேச்சு முடிந்ததும் மறுபடி ஓடும். இதற்குப் பேசும் வசதி கிடையாது, கேட்க மட்டும்தான். யூனிடன் நிறுவனத்தின் 'பேர்கேட்' வகைகள் இதில் பிரபலம்.

அமெரிக்காவில் இதைப் பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள். அங்கே பத்திரிகை அலுவலகங்களில் போலீஸ் ஸ்கேனர் ஓடிக்கொண்டே இருப்பது பழைய வழக்கம். அங்கேயும் நிலைமை மாறுது. நியூயார்க் போலீஸ் 2023-ல் தன் உரையாடல்களைச் சங்கேதமாக்கத் தொடங்கியதும் செய்தியாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பிரிட்டனில் ஸ்கேனரை வைத்திருக்கலாம். உங்களுக்கு உரியதல்லாத பேச்சை வேண்டுமென்றே கேட்டால் குற்றம். விமானிகளின் உரையாடலை ஒலிபரப்பும் 'லைவ்ஏடிசி' இணையதளத்தில் பிரிட்டன் விமான நிலையங்கள் இல்லாததற்குக் காரணமும் அதுதான்.

நம்ம ஊர் சட்டம் என்ன சொல்லுது?

இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் 1933-ல் வந்தது. உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருக்கக் கூடாது என்பதுதான் அதன் மையமே. அனுப்பும் கருவி மட்டுமல்ல, வாங்கும் கருவியும் அதில் அடக்கம். தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்க, தபால் நிலையத்தில் பணம் கட்டி முத்திரை வாங்கிய ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தைப் பற்றிச் சொல்வாங்க. சாதாரண வானொலிப் பெட்டிக்கான அந்த லைசென்ஸ் 1980-களில் கைவிடப்பட்டது. விலக்கு கிடைத்தது பாட்டு, செய்தி கேட்கும் பெட்டிக்குத்தான். ஸ்கேனருக்கு அல்ல.

அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வருவதுதான் தொலைத்தொடர்புச் சட்டம் 2023. இதன் பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. இதுவும் ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதி தேவை என்றே சொல்கிறது. தொலைத்தொடர்பு நெட்வொர்க்கில் அனுமதியின்றி நுழைந்தாலோ, தகவலை இடைமறித்தாலோ 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இன்னொரு விஷயம். இவ்வளவு ரிஸ்க் எடுத்து வாங்கினாலும், டிஜிட்டலாக, சங்கேதமாகப் போகும் பேச்சில் ஸ்கேனருக்குக் கேட்பது இரைச்சல் மட்டுமே. ஆக, காசும் போச்சு.

ஆன்லைனில் விற்கிறாங்களே?

இங்கேதான் நிறையப் பேர் மாட்டுறாங்க. 'ஸ்கேனர் வசதியுடன்' என்று விற்கப்படும் மலிவு விலைக் கருவிகள் பலவும் உண்மையில் வாக்கி டாக்கிகள். கேட்கும் ஆசையில் வாங்கியவர் தெரியாமல் ஓரப் பொத்தானை அழுத்தினால், ரயில்வேயோ ஆம்புலன்ஸோ பயன்படுத்தும் அலைவரிசையில் போய் விழலாம். அங்கே ஒருவர் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால் மற்றவர் பேச்சு கேட்காது.

2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வாக்கி டாக்கி விற்ற 13 ஆன்லைன் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே மாதக் கடைசியில் விதிமுறைகளும் வந்தன. எந்த அலைவரிசை, லைசென்ஸ் வேண்டுமா, அரசின் கருவி ஒப்புதல் இருக்கிறதா என்பதை விற்பனைப் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று விலக்கு தரப்பட்டது, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள குறைந்த சக்தி வாக்கி டாக்கிகளுக்கு. கல்யாண மண்டபம், கோயில் திருவிழாவுக்கு வாங்குபவர்கள் இந்த எண்ணைப் பார்த்து வாங்குங்க.

நேர்வழி இருக்கா?

இருக்கு. ஹாம் ரேடியோ. 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதலாம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'சரல் சஞ்சார்' இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தொடக்க நிலை லைசென்ஸுக்கு மோர்ஸ் குறியீடு தெரிய வேண்டியதில்லை. 2004 சுனாமியில் அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழுதான் வெளியுலகுக்குத் தகவல் அனுப்பியது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஹாம் லைசென்ஸ் இருந்தாலும் போலீஸ் பேச்சைக் கேட்க அனுமதி கிடையாது.

புரோகிராம் செய்வது எப்படி?

லைசென்ஸ் கைக்கு வந்தாச்சு என்று வைத்துக்கொள்வோம். முதலில் பதிய நல்ல எண், 145.800 மெகாஹெர்ட்ஸ். சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஹாம் ரேடியோ பூமிக்குப் பேசும் அலைவரிசை அது. 2025 ஜூலை 4-ல் சுபான்ஷு சுக்லா விண்வெளியிலிருந்து பெங்களூரு மாணவர்களோடு உரையாடியதும் ஹாம் ரேடியோவில்தான்.

மாடலுக்கு மாடல் பொத்தான் மாறும், முறை ஒன்றுதான். காலியான சேனலுக்குப் போய், புரோகிராம் நிலைக்கு மாற்றி, எண்ணை அடித்து உறுதி செய்யணும். அடுத்து மோட். இதில் எஃப்.எம். வைக்க வேண்டும். தப்பான மோடில் வைத்துவிட்டு 'செட்டு பழுது' என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு!

விண்வெளி நிலையம் நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை சற்று ஏறியும், விலகும்போது இறங்கியும் கேட்கும். ரயில் ஹாரன் சத்தம் நம்மைக் கடக்கும்போது மாறுமே, அதே கதை. அதனால் 145.805, 145.800, 145.795 என மூன்று சேனல் பதிந்துகொண்டு, அந்த வரிசையிலேயே கையால் மாற்றிக் கேளுங்க. ஒரு முறை கடக்க அதிகபட்சம் 10 நிமிடம்தான்.

அடுத்து ஸ்கெல்ச். பேச்சு இல்லாதபோது வரும் இரைச்சலை அடைக்கும் திருகு இது. இரைச்சல் நிற்கும் இடம் வரை மட்டும் திருப்பணும். அதற்கு மேல் போனால் தூரத்துக் குரல்களும் சேர்ந்து அடைபட்டுவிடும். ஏதாவது ஒரு சேனலில் இரைச்சல் ஓயாமல் வந்து ஸ்கேனர் அங்கேயே நின்றால், லாக்அவுட் பொத்தானால் அந்தச் சேனலைத் தாண்டச் சொல்லலாம். பல நேரம் அந்த இரைச்சலுக்குக் காரணம் பக்கத்தில் இருக்கும் எல்.இ.டி. பல்போ, மொபைல் சார்ஜரோதான்.

பெரம்பலூரில் எவ்வளவு தூரம் கேட்கும்?

இந்த அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். மொட்டை மாடி உயரத்தில் இரண்டு ஆன்டெனாக்கள் இருந்தால் சமவெளியில் சுமார் 25 கி.மீ. ஜெயங்கொண்டம் பக்கம் அது கிடைக்கும். அரும்பாவூர் பக்கம் பச்சைமலை அடிவாரம் என்றால் மேற்கே இருப்பது கேட்பது கஷ்டம். விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் பறப்பதால், அது 2,000 கி.மீ. தள்ளி இருக்கும்போதே அதன் சிக்னல் எட்டத் தொடங்கிவிடும். அரை மீட்டர் நீளக் கம்பி ஆன்டெனா போதும், ஆனால் மாடியில் இருக்கணும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கத் தொடங்கியதும் அந்த ஒயரைக் கருவியிலிருந்து கழற்றிவிடுங்க.

கருவியே வேண்டாம், சும்மா கேட்டுப் பார்க்கணும் என்றால் மொபைலே போதும். நெதர்லாந்தின் டுவென்டே பல்கலைக்கழகம் தன் ரிசீவரை 'வெப்எஸ்டிஆர்' என்ற பெயரில் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. சிற்றலையில் ஹாம் ஆட்கள் பேசுவதை விரலால் தள்ளித் தள்ளித் தேடலாம். இயர்போன் போட்டுக்கங்க, இரைச்சல் கொஞ்சம் ஜாஸ்தி.