கைகுலுக்கல் – 17: சர்வர் எழுந்துவிட்டதா?

போன வாரம் ஆப்பிளின் 'கோட்டூ ஃபெயில்' பிழையில் நிறுத்தினோம். 2014 பிப்ரவரி. ஒரே வரி அடுத்தடுத்து இரண்டு முறை வந்துவிட்டதால், சர்வரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் படியே ஓடாமல் போனது. மற்றதெல்லாம் போன இதழில் இருக்கிறது.

இந்த வாரம் டிடிஎல்எஸ் (இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின், பாக்கெட் தொலையக்கூடிய வழிகளுக்கான வடிவம்), அதைச் சோதிக்கப் பாக்கெட்டுகளை வேண்டுமென்றே தொலைக்கும் புராக்சி என்று சொல்லியிருந்தேன். அந்தப் புராக்சியை ஓட்டுவது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். முதலில் அதைப் படித்துவிடலாம் என்று திறந்தேன். அதிலேயே இந்த வாரத்துக்கு வேண்டியதும் அதற்கு மேலும் கிடைத்துவிட்டது. புராக்சி அடுத்த வாரம்.

ஸ்கிரிப்ட்டின் பெயர் 'எஸ்எஸ்எல்-ஆப்ட்'. எம்பெட் டிஎல்எஸ் நூலகத்தோடு வருவது. நெதர்லாந்தில் போலார்எஸ்எஸ்எல் என்று வளர்ந்து, 2014இல் ஆர்ம் நிறுவனத்தின் கைக்குப் போய், அடுத்த ஆண்டு பெயர் மாறிய அதே நூலகம்தான். ஸ்கிரிப்ட் பத்தாயிரம் வரிகளைத் தாண்டியது. ஆனால் படிக்கச் சிரமமில்லை, ஏனென்றால் எல்லாச் சோதனைக்கும் ஒரே அச்சு. சோதனையின் பெயர், சர்வரை எழுப்பும் கட்டளை, கிளையன்ட்டை ஓட்டும் கட்டளை, கிளையன்ட் என்ன எண்ணோடு முடிய வேண்டும் என்பது. 0 என்றால் இணைப்பு நல்லபடி முடிந்தது, 1 என்றால் முறிந்தது. அதன்பிறகு, இரண்டு பக்கத்துப் பதிவுக் கோப்பிலும் எந்த வாசகம் இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது. சிறிய எழுத்தில் குறி போட்டால் இருக்க வேண்டும். அதே எழுத்தைப் பெரியதாகப் போட்டால் இருக்கக் கூடாது. புதிதாக ஒரு சோதனை சேர்க்க ஐந்தாறு வரி போதும். இத்தனை சோதனைகள் அதில் குவிந்ததற்கு இந்த எளிமைதான் காரணம்.

சோதனைகள் குவிந்தால் நேரம் கூடும். ஸ்கிரிப்ட்டைச் சுருக்கு, வேகமாக்கு என்ற பேச்சு வரும். பாதுகாப்பு நெறிமுறைகளைச் சோதிக்கும் எந்தக் குழுவிலும் இந்தப் பேச்சு உண்டு. இதைச் சோம்பல் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு மணி நேரம் ஓடும் சோதனையை மாற்றத்துக்கு மாற்றம் யாரும் ஓட்டமாட்டார்கள். இரவில் ஒருமுறை ஓட்டுவார்கள், பிறகு வெளியீட்டுக்கு முன்னால் மட்டும் ஓட்டுவார்கள். கோட்டூ ஃபெயில் போன்ற வரிகள் நுழைவது அந்த இடைவெளியில்தான்.

நேரம் எங்கே போகிறது? கணிதத்தில் என்றுதான் முதலில் தோன்றும். பெரிய எண்கள், நீள்வளைவுகள், சான்றிதழ்ச் சங்கிலி. ஆனால் இன்றைய மேசைக் கணினியில் ஒரு முழுக் கைகுலுக்கல் (இணைப்பின் தொடக்கத்தில் சர்வரும் கிளையன்ட்டும் செய்துகொள்ளும் உடன்பாடு) சில மில்லி நொடிகளில் முடிந்துவிடுகிறது. நேரத்தை விழுங்குவது 'ஸ்லீப்' என்ற ஒற்றைச் சொல். சர்வரைப் பின்னணியில் கிளப்பிவிட்டு, அது எழுந்து போர்ட்டைத் திறக்கட்டும் என்று ஒரு நொடி ஸ்லீப். ஆயிரம் சோதனைக்கு ஆயிரம் நொடி. அதாவது 16 நிமிடம் 40 நொடி கணினி ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருக்கிறது. நண்பர் ஒருவர் வேலை பார்த்த இடத்தில் இந்த ஒரு நொடி இரண்டாகி, ஐந்தாகி, கடைசியில் பத்தானது. ஒவ்வொரு முறையும் காரணம் ஒன்றுதான்: கணினியில் சுமை கூடியபோது சர்வர் எழுவதற்குள் கிளையன்ட் ஓடிப்போய்ச் சோதனை தோற்றது. எண்ணைக் கூட்டினார்கள், சரியானது, அடுத்த சுமையில் மறுபடி தோற்றது.

அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கும் பாலையே பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. எஸ்எஸ்எல்-ஆப்ட் பாலைப் பார்க்கிறது. சர்வரைக் கிளப்பியதும் ஒரு சுற்று தொடங்கும். 'எல்எஸ்ஓஎஃப்' என்ற கருவியைக் கூப்பிட்டு, இந்தப் போர்ட்டை இப்போது யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும். பதிலாக வருவது செயல்முறை எண்களின் பட்டியல். அதில் நாம் கிளப்பிய சர்வரின் எண் இருந்தால் சுற்று முடிந்தது, கிளையன்ட் கிளம்பலாம். இல்லையென்றால் 0.1 நொடி பொறுத்து மறுபடி கேட்கும். குறித்த கெடு தாண்டியும் சர்வர் எழவில்லையென்றால் அதைப் பதிவில் எழுதிவிட்டு நகரும். எல்எஸ்ஓஎஃப் இல்லாத கணினி என்றால் எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டுப் பழைய ஸ்லீப்புக்கே இறங்கும்.

போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் அது கேட்கவில்லை, திறந்தது நம் ஆள்தானா என்று கேட்கிறது. முந்தைய சோதனையின் சர்வர் சாகாமல் அதே போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால், போர்ட் திறந்துதான் இருக்கும். கிளையன்ட் போய்ப் பழைய சர்வரோடு கைகுலுக்கிவிட்டு வரும். பழைய அமைப்பு, பழைய சாவி, பழைய பதிப்பு. சோதனை 'பாஸ்' என்று வந்தாலும் அது சோதித்தது வேறொன்றை.

போர்ட் எண்ணைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கவனம் உண்டு. ஷெல்லில் இரட்டை டாலர் குறி என்றால் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட்டின் சொந்தச் செயல்முறை எண். அதை 10000ஆல் வகுத்த மீதியோடு 10000ஐக் கூட்டினால் சர்வரின் போர்ட். அதோடு இன்னொரு 10000 கூட்டினால் புராக்சியின் போர்ட். ஒரே கணினியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓட்டினாலும் பெரும்பாலும் மோதாது. பக்கத்துப் பக்கத்தில் பல ஓட்டங்களைப் போட்டு மொத்த நேரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் இது இல்லாமல் முடியாது.

போர்ட் என்றதும் போன வாரம் விட்டுப்போன ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். கோட்டூ ஃபெயில் வெளியான சமயத்தில், கூகுளில் டிஎல்எஸ் வேலை பார்த்துவந்த ஆடம் லாங்லி தன் சொந்தத் தளத்தில் ஒரு சோதனைச் சர்வரை வைத்தார். வழக்கமான 443இல் வழக்கமான தளம். 1266 என்ற போர்ட்டில் அதே சான்றிதழ்கள், ஆனால் கையொப்பமிடுவது சம்பந்தமே இல்லாத வேறொரு சாவி. ஒழுங்கான பிரவுசர் அந்த இணைப்பை முறித்தாக வேண்டும்; பக்கம் திறந்துவிட்டால் பிழை இருக்கிறது. 1266 ஏன் என்றால், அந்தப் பிழையின் பதிவு எண் சிவிஇ-2014-1266.

இந்த வாரம் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம் இங்கேதான் இருக்கிறது. லாங்லி வைத்தது போன்ற சோதனையை நம் ஸ்கிரிப்ட்டில் எழுதுவோம். சர்வருக்குத் தவறான சாவி. கிளையன்ட் இணைப்பை முறித்து 1 என்று முடிய வேண்டும். பதிவில் 'வெற்றி' என்ற வாசகம் இருக்கக் கூடாது. சரியாகத்தான் இருக்கிறது. இப்போது சர்வர் எழவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை போதும், சர்வர் கிளம்பியவுடனே செத்துவிடும். கிளையன்ட் போய்க் கதவைத் தட்டுகிறது, யாரும் இல்லை, 1 என்று முடிகிறது. பதிவில் 'வெற்றி' இல்லை. கேட்ட நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறிவிட்டன. சோதனை பாஸ்!

தோல்வியை எதிர்பார்க்கும் சோதனைகள்தான் பாதுகாப்புக்கு உயிர். காலாவதியான சான்றிதழை மறுக்கிறாயா, பழைய பதிப்புக்கு இறங்க மறுக்கிறாயா, தவறான சாவியை மறுக்கிறாயா என்று கேட்பவை அவை. சர்வர் செத்தாலும், நூலகம் நொறுங்கினாலும், பிணையமே இல்லாவிட்டாலும் பாஸ் காட்டக்கூடியவையும் அவையேதான். எதுவும் ஓடாத கணினியில் மறுப்பைச் சோதிக்கும் எல்லாச் சோதனையும் பச்சையாக வரும்.

எஸ்எஸ்எல்-ஆப்ட் எழுதியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். சோதனை முடிந்து, எண்ணையும் வாசகங்களையும் ஒப்பிடுவதற்கு முன்னால், ஒரு சின்னக் கேள்வி: இரண்டு பக்கமும் கைகுலுக்கல் கட்டம்வரை வந்தனவா? எம்பெட் டிஎல்எஸ்ஸின் சோதனைச் சர்வரும் கிளையன்ட்டும் கைகுலுக்கலைத் தொடங்கும் இடத்தில் 'பெர்ஃபார்மிங் தி எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்' என்று ஒரு வரியை அச்சிடுகின்றன. அந்த வரி பதிவில் இல்லையென்றால், மற்றது எப்படியிருந்தாலும் சோதனை தோல்வி. ஏன் இந்தச் சரிபார்ப்பு என்பதற்கு ஸ்கிரிப்ட்டிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள்: மறுப்பை மட்டும் கேட்கும் சோதனைகள், எல்லாமே கவிழ்ந்து கிடக்கும்போதும் வென்றதாகக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக.

ஸ்கிரிப்ட்டை இளைக்க வைக்க வருகிறவர் முதலில் கை வைக்கக்கூடிய இடமும் இதுதான். எல்லாச் சோதனையிலும் ஓடுகிறது, எப்போதும் 'ஆம்' என்றே பதில் வருகிறது, வீண் வேலைபோலத் தெரியும். அந்தச் சில வரிகளை வெட்டியெறியச் சொல்லி ஒரு மாற்றம் என் மேசைக்கு வந்தால் ஒப்புதல் தரமாட்டேன்.

வெட்ட வேண்டியவை வேறு இருக்கின்றன. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால், அதற்கு வேண்டிய வசதி நூலகத்தில் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்பு இதற்கு ஒவ்வொரு தடவையும் 'கிரெப்' ஓடி அமைப்புக் கோப்பைத் தேடும். இப்போது தொடக்கத்தில் ஒரே முறை, இருக்கும் வசதிகளின் பெயர்களையெல்லாம் எடுத்து இடைவெளி விட்டு ஒரு மாறியில் போட்டுவைக்கிறார்கள். பிறகு ஷெல்லின் சொந்த 'கேஸ்' கட்டளையாலேயே பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். புதிய செயல்முறை எதுவும் பிறப்பதில்லை. ஒரு கிரெப்புக்கு மில்லி நொடிக் கணக்குதான் செலவு. ஆனால் ஒரு சோதனைக்கு நான்கைந்து நிபந்தனை, ஆயிரக்கணக்கில் சோதனை என்றால் கூடிவிடுகிறது. அதிலும் பெயரால் வடிகட்டி ஒரே ஒரு சோதனையை ஓட்ட நினைப்பவர் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. பெயரை வடிகட்டும் இடத்திலும் இதே வைத்தியத்தைச் செய்திருக்கிறார்கள்: தேடும் சொல் எளிமையானது என்றால் கிரெப்பைக் கூப்பிடாமல் கேஸ்.

அதே நூலகத்தின் இன்னொரு ஸ்கிரிப்ட் 'காம்பேட்', ஓப்பன்எஸ்எஸ்எல்லோடும் க்னூடிஎல்எஸ்ஸோடும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. அது ஒரு சர்வரை எழுப்பிவிட்டு, அதன்மேலேயே சைபர் (மறையாக்க முறை) மாற்றிச் சைபராகக் கிளையன்ட்டுகளை வரிசையாக விடும். நேரம் வெகுவாக மிச்சம். அங்கே சர்வரின் அமைப்பு மாறுவதில்லை, அதனால் சரி. எஸ்எஸ்எல்-ஆப்ட்டில் சோதனைக்குச் சோதனை சர்வரின் அமைப்பே வேறு, எனவே ஒவ்வொன்றுக்கும் புது சர்வர். இந்த இரண்டையும் ஒன்றாக்க நினைக்கக் கூடாது.

தாண்டிப் போகும் சோதனைகள் இன்னொரு கவலை. வேண்டிய வசதி இல்லையென்றால் 'ஸ்கிப்' என்று எழுதிவிட்டு ஸ்கிரிப்ட் நகர்ந்துவிடும். அது நியாயம்தான். ஆனால் நிபந்தனையின் பெயரைத் தவறாக எழுதிவிட்டால், அந்தச் சோதனை எல்லாக் கணினியிலும் எல்லா நாளும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. இதற்கும் எம்பெட் டிஎல்எஸ் குழு வழி செய்திருக்கிறது. ஒவ்வொரு சோதனையின் முடிவையும் எந்தக் கணினி, எந்த அமைப்பு, எந்தச் சோதனை, என்ன ஆயிற்று என்று அரைப்புள்ளி இட்டு ஒரு கோப்பில் ஒரு வரியாகச் சேர்க்கிறார்கள். பல அமைப்புகளில் ஓட்டி முடித்தபின் ஒரு பைத்தான் நிரல் அந்தக் கோப்பைப் படித்து, எந்த அமைப்பிலும் ஒருமுறைகூட ஓடாத சோதனை ஏதாவது உண்டா என்று தேடிச் சொல்கிறது.

ஷெல்லையே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். கூகுளின் போரிங்எஸ்எஸ்எல் விட்டுவிட்டது. கோ மொழியில், வேண்டுமென்றே தவறாக நடந்துகொள்ளும் ஒரு டிஎல்எஸ்ஸையே எழுதி, அதைக் கொண்டு சோதிக்கிறது. அதற்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறேன்.

உங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு சோதனை ஸ்கிரிப்ட் இருந்தால், இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். அதில் 'ஸ்லீப்' எத்தனை இடத்தில் வருகிறது என்று தேடுங்கள். பிறகு, சர்வரைக் கிளப்பும் கட்டளையில் வேண்டுமென்றே ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டு முழு ஸ்கிரிப்ட்டையும் ஓட்டுங்கள். அப்போதும் பாஸ் என்று வரும் சோதனைகளின் பட்டியலை எடுத்துவைத்து, ஸ்கிரிப்ட்டைச் சுருக்குவதற்கு முன்னால் அவற்றைச் சரிசெய்யுங்கள்.

(தொடரும்)