இரவில் எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம்?

நெல்லியடியில், வீட்டு விறாந்தையில் இருந்தபடி கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறார் ஒரு பிள்ளை. இரவுச் சாப்பாடு முடிந்தபின், ஒரு கட்டற்ற மென்பொருளில் தமிழ் எழுத்து உடைந்து தெரிகிற பிழையைத் திருத்தி அனுப்புகிறார் என்று வையுங்கள். சம்பளமில்லாத வேலைதான். ஆனால் அந்தத் திருத்தத்தைக் கொடுக்க அவருக்கு உரிமை உண்டா?

இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், ஊழியர் தன் தொழிலின்போது ஆக்கியதன் பொருளாதார உரிமை தொழில்தருநருக்கே. கணினி நிரலும் இதற்குள் வரும். 'தொழிலின்போது' என்ற சொல்லில்தான் இழுபறி. கம்பனியின் லப்டொப்பில் எழுதினால்? பகலில் செய்யும் அதே துறை வேலையை இரவிலும் செய்தால்? சில நியமனக் கடிதங்கள் இந்தக் கேள்விக்கே இடம் வைப்பதில்லை; வேலையில் இருக்கும் காலத்தில் எழுதும் எல்லாமே கம்பனிக்கு என்று ஒரே வரியில் முடித்துவிடும். நாங்களோ சம்பளத் தொகையைப் பார்த்த கையோடு கையெழுத்து வைத்துவிடுவோம்.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1984 இல் குனூ என்ற கட்டற்ற மென்பொருளை எழுதத் தொடங்கியபோது எம்.ஐ.டி. வேலையை விட்டதற்கு ஒரு காரணம் இதுதான்: நிறுவனம் பின்னால் வந்து உரிமை கோரக்கூடாது. உரிமை இல்லாதவர் கொடுக்கும் உரிமம் செல்லாது. அதனால்தான் குனூ திட்டங்கள் பலவற்றில் தொழில்தருநரின் உரிமைத்துறப்புக் கடிதத்தையும் கேட்கிறார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் 2004 முதல் வேறு வழி: 'இதைத் தர எனக்கு உரிமை உண்டு' என்று அனுப்புபவரே ஒப்பமிட வேண்டும். கம்பனி மறுத்தால் மாட்டுப்படுவது ஒப்பமிட்டவர்தான்.

எங்கள் நாட்டு மென்பொருள் துறை கட்டற்ற மென்பொருளுக்கு எதிரி என்றும் சொல்லமுடியாது. வடமராட்சிக் கரையையும் அடித்த 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, நிவாரணப் பணிக்கான 'சகானா' என்ற கட்டற்ற மென்பொருளைத் தொண்டர்களாக எழுதியவர்கள் இலங்கை மென்பொருளாளர்கள். 2005 இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 கம்பனியிலோ திறந்த மூலநிரல் எழுதுவதே உத்தியோகம்.

மற்ற இடங்களில் முதல் திருத்தத்துக்கு முன்பே கம்பனிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: எந்தத் திட்டம், எந்த உரிமம், சொந்த நேரம், சொந்தக் கணினி, கம்பனி நிரல் ஒரு வரியும் இல்லை. தொலைபேசியில் வரும் 'ஓம், செய்யும்' போதாது. பதில் எழுத்தில் வேண்டும். கொடுக்க நினைப்பது வேலையில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும் நிரல் என்றால் மேலாளரின் சம்மதமும் போதாமல் போகலாம். அதன் உரிமை ஒப்பந்தப்படி வாடிக்கையாளரிடம் போயிருந்தால், கம்பனியிடமே கொடுப்பதற்கு ஒன்றும் இராது.